பண்டகசாலையின் மாடி

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டிலிருந்து பிரியும் சந்தொன்றில், சுக்கு மூட்டை அடுக்கிய கிடங்கின் மாடி காலியாக இருக்கிறதென்று புரோக்கர் கூட்டிக்கொண்டு போனார். படிகள் செங்குத்து. பிடித்து ஏற உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. ஏறி முடித்தால் நீளமான கூடம், அதை ஒட்டி மூன்று அறைகள். காலடி வைத்து அளந்தேன்: மாடி முழுவதும் நீளவாக்கில் 22 எட்டு, அகலவாக்கில் 12. பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழே மூட்டைகளின் முதுகு தெரிந்தது. கூரையில் பதித்திருந்த இரண்டு கண்ணாடி ஓடுகள் வழியே வெயில் இரண்டு சதுரமாகத் தரையில் விழுந்து கிடந்தது. எர்ணாகுளத்தில் நான் குடியிருக்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டைத் தூக்கிவந்து இங்கே வைத்தால், அதைச் சுற்றி நடந்துவர இடம் மிஞ்சும். மூன்றாவது அறை பூட்டியிருந்தது.

"சாரே, வாடகைக்கோ, பணயத்தினோ?" என்று கேட்டார் புரோக்கர்.

தமிழ்க் காதுக்குப் பணயம் என்றால் தருமர் சூதில் வைத்தது. இல்லாவிட்டால் விமானக் கடத்தல் செய்தியில் வருவது. மலையாளத்தில் அது அடகு. மட்டாஞ்சேரியில் அதற்கு இன்னும் குறுகலான ஒரு பொருள் உண்டு: மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. நம் பக்கத்தில் ஒத்தி, போக்கியம் என்போம், சென்னையில் லீஸ் என்பார்கள். வாடகைக்குத்தான் என்றேன். புரோக்கர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி. இந்த அளவு மாடிகள் பணயத்துக்கு வருவதில்லை. பணயம் வேறு ரக ஆட்களுக்கு, வேறு ரக வீடுகளுக்கு. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இவ்வளவு பெரிய மாடியை ஒருவர் ஏன் கட்டினார் என்பதிலிருந்து தொடங்கலாம். பஜார் ரோட்டுக் கட்டடங்களில் பலவற்றுக்கு இரண்டு முகம். ஒன்று தெருவைப் பார்க்கும், மற்றது காயலைப் பார்க்கும். வள்ளத்தில் வந்த சரக்கு பின்வாசல் படித்துறையில் இறங்கிக் கிடங்கில் காய்ந்து, புடைக்கப்பட்டு, எடை போடப்பட்டு முன்வாசல் வழியாக விலைக்குப் போகும், அல்லது வந்த வழியே கப்பலுக்குத் திரும்பும். ஊரார் இதற்கு வைத்திருக்கும் பெயர் பாண்டிகசாலை, நம்முடைய பண்டகசாலைதான். கீழே சரக்கு, மேலே கணக்கும் குடும்பமும். மாடியின் அகலம் குடும்பத்தின் தேவையை வைத்து வந்ததல்ல. கீழே எத்தனை மூட்டை அடுக்க வேண்டுமோ அதற்குக் கட்டிய சுவர்கள்தான் மேலே கூடத்தின் சுவர்களாகவும் நின்றன. வெட்டுக்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்தரம், பிற்காலத்தில் மங்களூர் ஓடு. இந்த வீடுகளில் நாம் இன்று 'விசாலம்' என்று ரசிப்பது மிளகின் அளவு.

அந்த அளவுக்குக் கேடு வந்தது எதிர்க்கரையிலிருந்து. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920இல் கொச்சிக்கு வந்து, துறைமுக வாயிலை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டித் திறந்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள் துறைமுகத்துக்குள் வந்து நின்றது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் வில்லிங்டன் தீவு. கப்பல் தீவின் மேடையில் அணைந்து நிற்கத் தொடங்கியபின், மட்டாஞ்சேரிப் படித்துறைகளில் வள்ளங்களின் வேலை வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. கொள்கலன்கள் வந்தபோது மிச்சமும் போயிற்று. 2011இல் வல்லார்பாடம் முனையம் திறந்த பிறகு மிளகு பஜார் ரோட்டைக் கண்ணாலும் பார்க்காமல் கடலுக்குப் போய்விடலாம். யூதத் தெருவில் இந்திய மிளகு வாசனைப்பொருள் வணிகச் சங்கம் 1957இல் தொடங்கிய சந்தையில் ஒருகாலத்தில் கூவித்தான் விலை வைப்பார்கள். அந்தக் கூச்சலும் ஓய்ந்தது. கட்டடங்கள் நின்றன.

ஆட்களும் போனார்கள். மட்டாஞ்சேரியின் ஒரே 'கௌரவமான' தெரு என்று சுற்றுலாப் பயணி நினைப்பது யூதத் தெருவை. (ஊர்க்காரர்களைக் கேட்டால் குஜராத்தித் தெரு, செர்லாயி என்று வேறு பட்டியல் வரும்.) கொடுங்கல்லூரிலிருந்து விரட்டப்பட்டு வந்த யூதர்களுக்குக் கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார்; பரதேசி ஜெபாலயம் 1568இல் எழுந்தது. ராஜாவின் கோயிலுக்கும் யூதரின் ஜெபாலயத்துக்கும் இடையே ஒரு மதில்தான். தெருவின் இருபுறமும் பொதுச்சுவர் வைத்த மாடி வீடுகள், வாசல் நேராகத் தெருவில் திறக்கும். இஸ்ரேல் பிறந்த பிறகு, ஐம்பதுகளில் தொடங்கி, குடும்பம் குடும்பமாக அங்கே குடிபெயர்ந்தார்கள். இங்கேயே தங்கிவிட்ட சிலரில் ஒருவரான சாரா கோஹன் 2019இல், 96 வயதில் இறந்தார். அவர் பின்னல் வேலைப்பாடுகள் விற்ற கடை இருந்தது அவர் குடியிருந்த வீட்டிலேயே. கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவாவும் இறந்தபின் பரதேசி யூதர் என்று சொல்ல அந்தத் தெருவில் கைவிரலை மடக்கி எண்ணுமளவுக்குக்கூட ஆளில்லை. வீடுகளின் கீழ்த்தளங்களில் காஷ்மீர் வியாபாரிகள் சால்வையும் வெண்கலமும் விற்கிறார்கள். மாடிகளில் பல சாத்திக் கிடக்கின்றன.

சாத்திக் கிடக்கிறது என்றால் ஏன் வாடகைக்கு விடவில்லை? புரோக்கரிடம் இதைக் கேட்டபோது அவர் ஒரு வார்த்தையில் முடித்தார்: "பேடி." பயம்.

பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 1940 ஏப்ரல் 1. கேரளக் கட்டட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் 1965ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டம். அதன் 11ஆம் பிரிவு, குடியிருப்பவரை எந்தெந்தக் காரணத்துக்காக வெளியேற்றலாம் என்று வரிசையாகச் சொல்கிறது: வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டது, கட்டடத்துக்குச் சேதம் செய்தது, ஆறு மாதம் தொடர்ந்து குடியில்லாமல் இருந்தது, வீட்டுக்காரருக்கே உண்மையாக வீடு தேவைப்படுவது. அந்தப் பிரிவின் 17ஆம் உட்பிரிவு ஒரு சிறு கூட்டத்தைத் தனியே எடுத்துக் காப்பாற்றுகிறது. 1940 ஏப்ரல் 1 முதல் இடைவிடாமல் வாடகைக்கு இருந்துவருபவரை, 'எனக்கு வேண்டும்' என்ற காரணத்தைச் சொல்லி வீட்டுக்காரர் கிளப்ப முடியாது. இந்தத் தேதி எங்கிருந்து வந்தது? சென்னைக்காரர்களுக்கு அது புதிதல்ல. போர்க்காலத்தில் வீட்டு வாடகை எகிறியபோது சென்னை மாகாணம் 1941இல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. பிறகு வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகையைக் கணக்கிட எடுத்துக்கொண்ட அடித்தளமும் 1940 ஏப்ரல் 1க்கு முந்தைய பன்னிரண்டு மாத வாடகைதான். வாடகை எகிறுவதற்கு முந்தைய கடைசி 'ஒழுங்கான' ஆண்டு அது என்ற எண்ணம். மட்டாஞ்சேரி அப்போது கொச்சி சமஸ்தானம், சென்னைக்குக் கட்டுப்பட்டதே அல்ல. ஆனாலும் அதே நாள் கால் நூற்றாண்டு கழித்துக் கேரளச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே உட்பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வரி. குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, வீட்டுக்காரர் அந்த ஊருக்கு வெளியே ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வாழ்ந்துவிட்டு, இப்போது நிரந்தரமாகத் திரும்பி வந்து குடியிருக்க உண்மையாகவே விரும்பினால், 1940க்காரரையும் வெளியேற்றலாம். இதை எழுதியவர் மனத்தில் சிங்கப்பூரோ பம்பாயோ இருந்திருக்கலாம். மட்டாஞ்சேரியில் நின்று படிக்கும்போது எனக்கு ஹைஃபாவும் கட்ச்சும்தான் நினைவுக்கு வருகின்றன. திரும்பி வருகிறவர்களுக்கான கதவு இது. போனவர்களோ பெரும்பாலும் திரும்பவில்லை.

1940க்காரர்கள் இன்று எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒரு சட்டம் எத்தனை பேரைக் காக்கிறது என்பது ஒன்று, எத்தனை பேரைப் பயமுறுத்துகிறது என்பது வேறொன்று. குடியிருப்பவர் அந்தக் கட்டடத்தில் நடக்கும் தொழிலை நம்பியே பிழைப்பவராக இருந்து, அக்கம்பக்கத்தில் வேறு தோதான இடமும் கிடைக்காவிட்டால், வீட்டுக்காரரின் சொந்தத் தேவைகூட எடுபடாது என்கிறது இன்னொரு நிபந்தனை. கீழே கடை, மேலே குடி என்ற மட்டாஞ்சேரி அமைப்புக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. கட்டடம் இற்றுப்போனதால் இடித்துக் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். கட்டி முடித்ததும் புதிய இடத்தில் முதல் உரிமை பழைய ஆளுக்கே. பாரம்பரியப் பகுதி என்பதால் இஷ்டத்துக்கு இடித்துக் கட்டவும் வழியில்லை. தொண்ணூறுகளில் கேரள உயர்நீதிமன்றம் நியாய வாடகை நிர்ணயிக்கும் பிரிவுகளைச் செல்லாதவை என்றது, வாடகையை உயர்த்தக் கேட்கலாம் என்றாயிற்று. கேட்கப் போனால் வக்கீல் ஃபீஸ், வருஷக்கணக்கு. பம்பாயில் இருக்கும் ஐந்து பங்காளிகளில் யார் இதற்கு மெனக்கெடுவார்?

இந்த இடத்தில் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து பேசுவது சுலபம், நானும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன். ஆனால் சட்டம் இல்லாத மட்டாஞ்சேரியை நினைத்துப் பார்த்தால் சாய்வு நிமிர்ந்துவிடுகிறது. சுமை தூக்கியவர்கள், இஞ்சி புடைத்தவர்கள், தையல்காரர், பப்படக்காரர் எல்லாரும் இங்குள்ள 'லைன்' என்ற வரிசைக் கட்டடங்களில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நிலைத்தது அந்த 11ஆம் பிரிவின் பலத்தில்தான். மிளகு போன பிறகும் ஊர் ஊராகவே இருக்கிறதென்றால் அதற்கு அவர்கள் காரணம். கோளாறு வேறிடத்தில். ஏற்கனவே உள்ளே இருப்பவரைக் காத்த சட்டம், புதிதாக உள்ளே வர நினைப்பவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

புதிதாக வருபவருக்கு என்ன கிடைக்கும் என்பதை புரோக்கர் அன்றைக்கே காட்டினார். போகிற வழியில் ஒரு வேலை, இரண்டு நிமிஷம் என்று பாலஸ் ரோட்டுக்கு உள்ளே ஒரு லைன் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். ஓர் அறை, அதன் பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. உத்தரத்தில் கட்டிய பலகையில் பாத்திரமும் பாடப்புத்தகமும். உள்ளே இருந்த அம்மாள் சாமான் கட்டி மூன்று வாரமாகிறது என்றாள். காலி பண்ணத் தயார், பண்ண முடியவில்லை. கொடுத்த ஐந்து லட்சத்தை வீட்டுக்காரர் திருப்பித் தந்தால்தான் அவள் வேறு வீட்டுக்குப் பணயம் கொடுக்க முடியும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தன் மகளின் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டார். அடுத்த குடி வந்து ஐந்து லட்சம் கொடுத்தால், அது இவள் கைக்கு வரும். புரோக்கர் செய்ய வந்த வேலை அடுத்த குடியைப் பற்றித் தகவல் சொல்வது.

ஏழு சதவீத வட்டி என்று வைத்தால் ஐந்து லட்சத்துக்கு வருஷம் 35,000 ரூபாய், மாதத்துக்கு மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த அறைக்கு அது மலிவுதான். அதனால்தான் மாதச் சம்பளம் என்று ஒன்று நிச்சயமில்லாத குடும்பங்கள் பணயத்தை நாடுகின்றன. நகையை விற்றோ, வளைகுடாவில் இருக்கும் தம்பியிடம் வாங்கியோ ஒருமுறை புரட்டிவிட்டால், மாதம் பிறந்தால் வாடகைக்குத் திண்டாட வேண்டியதில்லை. வேலை போனாலும் கூரை போகாது.

இந்த ஏற்பாட்டின் வேர் மிகப் பழையது. தமிழில் ஒற்றி என்ற சொல்லுக்கு எத்தனை வயது என்று சாசனம் படித்தவர்களுக்குத் தெரியும். மலபாரில் காணம் என்றிருந்த நிலக் குத்தகையிலும் குடியானவர் முன்பணம் ஒன்றைக் கட்டுவார், அதன் வட்டி பாட்டத்தில் கழியும். கேரள நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 அன்று அந்த நிலக் குத்தகை முறைகளுக்கு முடிவு கட்டியது. வயலில் ஒழிந்த கணக்கு, வீட்டில் உயிரோடிருக்கிறது.

உயிரோடிருக்கிறதே தவிர, பாதுகாப்பாக இல்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் அனுபவ அடமானம் என்ற ஒன்றை ஒத்துக்கொள்கிறது: பணம் கொடுத்தவர் சொத்தை அனுபவித்துக்கொண்டு, வட்டிக்கு ஈடாக அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அத்தகைய அடமானம் பதிவுசெய்த பத்திரத்தில், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் நடப்பது முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொள்வது. பதிவு செய்தால் செலவு, வீட்டுக்காரருக்கு வில்லங்கம் ஏறும், அவர் சம்மதிக்க மாட்டார். அந்த வீட்டின் பேரில் வீட்டுக்காரர் வங்கியில் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டால், ஏலத்துக்கு வரும் வங்கியின் முன்னால் அந்த முத்திரைத்தாளுக்குப் பெரிய மதிப்பொன்றும் இல்லை.

உலகத்தில் இதே முறையில் லட்சக்கணக்கான நகரத்து மக்கள் குடியிருக்கும் நாடுகளில் ஒன்று தென்கொரியா. அங்கே இதன் பெயர் சொன்செ. வீட்டு விலையில் பாதிக்கு மேல்கூட மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வழக்கமாக இரண்டு வருஷம் வாடகை இல்லாமல் இருப்பார்கள். பழைய குடிக்குப் புதிய குடியின் பணத்தைத் தருவதும் அங்கே உண்டு. 2022இல் வீட்டு விலை இறங்கத் தொடங்கியதும் சங்கிலி அறுந்தது. மோசடிகள் வெளியே வந்தன, பணத்தை இழந்த இளைஞர்கள் உயிரை விட்டார்கள், 2023 மேயில் பாராளுமன்றம் சிறப்புச் சட்டம் போட்டது. ஆனால் கொரியாவில் 1981 முதலே ஒரு சட்டம் இருக்கிறது. குடியேறி, முகவரியைப் பதிந்து, ஒப்பந்தத்தின் மேல் அலுவலகத்தில் ஒரு தேதி முத்திரை வாங்கிவிட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு வந்த கடன்காரர்களுக்கு முன்னால் குடியிருப்பவர் நிற்கிறார். அவ்வளவுதான், ஒரு தேதி முத்திரை. அந்த லைன் கட்டடத்து அம்மாளுக்கு 1940 ஏப்ரல் 1 உதவாது. அவள் ஒப்பந்தத்தின் மேல் இப்படி ஒரு தேதியைக் குத்திக்கொடுக்க ஒரு ஜன்னல் இருந்தால் போதும். இவ்வளவு சின்ன வேலையை ஏன் யாரும் செய்யவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

பெரிய மாடிகளுக்கு இதற்கிடையில் மூன்றாவது வழி ஒன்று திறந்தது. 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி–முசிறிஸ் பினாலே தொடங்கியது. 1867இல் வணிகம் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் வளாகத்தில், பெப்பர் ஹவுஸில், பிறகு மட்டாஞ்சேரியின் கிடங்குகளிலும் உலகத்துக் கலைஞர்கள் வந்து படைப்புகளை வைத்தார்கள். ஈரம் படிந்த சுவர், உரிந்த சுண்ணாம்பு, உத்தரத்து இரும்புக் கொக்கி எல்லாமே திடீரென்று அழகாகத் தெரியத் தொடங்கின. நானும் அந்தக் கண்ணோடுதான் மாடி பார்க்கப் போனேன், மறைக்கவில்லை. பினாலே நடக்கும் மாதங்களில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குக் கிடைப்பதை, லைன் கட்டடத்தில் ஒரு மாதத்துக்குக் கேட்க முடியாது. இரவுக்கு வாடகை தருபவர் மறுநாள் போய்விடுவார் என்பது அதைவிடப் பெரிய லாபம். வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம் அவரைத் தொடாது. ஹோம்ஸ்டே திட்டம் தொடங்கியபோது அதன் அடிப்படை, வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருப்பதும் அறைகள் ஆறுக்கு மிகாததும். விருந்தினருக்குக் காலையில் புட்டும் கடலையும் வைக்கும் அந்த வீட்டுக்காரி இன்றும் சில இடங்களில் இருக்கிறாள். பல இடங்களில் இருப்பது சாவிப்பெட்டியின் ரகசிய எண். 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ மட்டாஞ்சேரிக்கும் வந்தது. எர்ணாகுளத்துக்காரர் சாயங்காலம் வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம்.

அதே ஆண்டு செப்டம்பரில் பக்கத்துத் துருத்தியில் இரட்டைக் கோபுரக் குடியிருப்பு திறக்கப்பட்டது. ராஜீவ் ஆவாஸ் யோஜனா காலத்தில் தொடங்கி, அந்தத் திட்டமே மறைந்து பல வருஷம் கழித்து முடிந்த வேலை. 394 குடும்பங்களுக்கு வீடு. ஒவ்வொன்றும் 300 சதுர அடியை ஒட்டியது. கல்வத்திப் பகுதியின் நெருக்கத்தில் தலைமுறை கழித்தவர்களுக்கு அது பெரிய காரியம், அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஓர் எட்டுக்கு இரண்டரை அடி என்று நான் போட்ட கணக்கில் சுக்குக் கிடங்கின் மாடி ஏறக்குறைய 1,650 சதுர அடி. துருத்தி வீடு ஐந்து, அதற்கும் மேல் ஒரு படிக்கட்டு.

மாடிக்கே திரும்புகிறேன். வாடகைக்கு எழுத மாட்டார்களாம், லைசன்ஸ் என்றுதான் எழுதுவார்களாம். பதினொரு மாதம், அதன்பிறகு இன்னொரு பதினொரு மாதம், நடுவில் ஒரு நாள் நான் வெளியே இருந்ததாகக் காட்ட வேண்டும். வாடகை என்ற சொல் எந்தக் காகிதத்திலும் வரக் கூடாது. காலி பண்ணச் சொல்வதை மலையாளத்தில் ஒழிப்பிக்கல் என்பார்கள். எங்கள் பாட்டியும் 'வீட்டை ஒழித்துக் கொடு' என்றுதான் சொல்வாள். சண்டைச் சொல்லாக அவள் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை. புரோக்கர் அந்தச் சொல்லைப் பேச்சினூடே நான்கைந்து தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

இறங்குவதற்கு முன் பூட்டிய அறையைக் கேட்டேன். வீட்டுக்காரருடையது, திறக்க முடியாது என்றார். கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சுவரோரம் தராசுத் தட்டு ஒன்று சாய்த்து வைத்திருந்தது, அதற்கு மேலே ஆணியில் ஒரு குஜராத்தி நாட்காட்டி. வேறொன்றும் இல்லை. வீடு முழுவதையும் ஒருவர் கையில் கொடுத்ததாக நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது, அதற்காக ஓர் அறை எப்போதும் வீட்டுக்காரர் வசம் இருக்குமாம்.

"அப்போது வாடகை இரண்டு அறைக்குத்தானே?" என்றேன்.

கயிற்றைப் பிடித்துப் பாதி இறங்கியிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "மூணினும் கூட்டியா சாரே பறஞ்ஞது."